லிஸ்டையும் டேட்டாபேஸையும் இணைக்கத் தனி மென்பொருள் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் வாடிக்கையாளர் புகார்களை ஷேர்பாயின்ட் லிஸ்டில் (மைக்ரோசாஃப்ட்டின் இணையவழி அட்டவணை) பதிகிறோம். பில் விவரங்கள் அலுவலக சர்வரில் உள்ள எஸ்க்யூஎல் சர்வர் டேட்டாபேஸில் இருக்கின்றன. இரண்டையும் இருவழியில் ஒத்திசைக்கும் மென்பொருளை ஆண்டுச் சந்தாவுக்குத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே விவரத்தை இரண்டு பக்கமும் யாராவது திருத்துகிறார்களா என்று முதலில் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால் அப்படித் தெரியவில்லை. புகாரை லிஸ்டில் மட்டும், பில்லை டேட்டாபேஸில் மட்டும் திருத்துவீர்கள் என்றால், ஒவ்வொன்றுக்கும் ஒருவழிப் பாதை போதும். இருவழி என்பது விற்பவருக்குப் பிடித்த சொல், விலையும் அதில்தான் ஏறுகிறது.

ஒருவழிக்கு உங்களிடமே வழி இருக்கலாம். வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் மைக்ரோசாஃப்ட்டின் பவர் ஆட்டோமேட்டில் ஷேர்பாயின்ட் கனெக்டர் (இணைப்பி) சாதாரண வகை, எஸ்க்யூஎல் சர்வர் கனெக்டரோ பிரீமியம். அதற்குத் தனி உரிமம் வேண்டும் என்பதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். உங்கள் டேட்டாபேஸ் அலுவலக சர்வரில் இருப்பதால், அதை இணையச் சேவையோடு இணைக்கும் கேட்வே மென்பொருளையும் நிறுவ வேண்டும். இன்னொன்று: பவர் ஆட்டோமேட்டில் லிஸ்டின் வரிசைகளை எடுக்கும் 'கெட் ஐட்டம்ஸ்' கட்டளை, அமைப்பை மாற்றாவிட்டால் 100 வரிசைகளோடு நின்றுவிடும். பிழை என்று எதுவும் காட்டாது. மிச்சம் வரவில்லை என்பது மாதக் கடைசியில்தான் தெரியவரும்.

சரி, எல்லாம் பார்த்தும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் இலவச சோதனைக் காலத்தைக் கேளுங்கள். விற்பவர் கொண்டுவரும் மாதிரி லிஸ்ட் வேண்டாம், உங்கள் லிஸ்டின் நகலிலேயே ஓட்டச் சொல்லுங்கள். அதில் 5,000 வரிசைக்கு மேல் இருக்கட்டும். ஷேர்பாயின்ட் லிஸ்டில் 3 கோடி வரிசை வரை வைக்கலாம், ஆனால் இன்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணைக் குறிப்பு) இல்லாத நெடுவரிசையை வைத்து வடிகட்டினால் 5,000-ஐத் தாண்டியதும் முரண்டு பிடிக்கும்.

அப்புறம் ஒரு வரிசையை அழித்துப் பாருங்கள். சேர்ப்பதையும் திருத்துவதையும் எல்லா மென்பொருளும் அழகாகக் காட்டும், அழித்தது மறுபக்கம் போகிறதா என்பதில்தான் சாயம் வெளுக்கும். தேதியையும் விடாதீர்கள். ஷேர்பாயின்ட் நேரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) சேமிக்கிறது. கிரீன்விச்சுக்குக் கிழக்கே உள்ள நேர மண்டலத்தில் இருப்பவர்கள் 'தேதி மட்டும்' என்று பதிந்தது, மாற்றம் சரியாக நடக்காவிட்டால், டேட்டாபேஸில் முந்தைய நாளாகப் போய் உட்காரும். பணம் கட்ட வேண்டிய கெடுவில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

நெடுவரிசைப் பெயரை மாற்றினால் என்ன ஆகிறது, ஒரு பக்கம் செய்த திருத்தம் மறுபக்கம் போய்த் திரும்பத் திரும்பச் சுற்றுகிறதா, ஒரே வரிசையை இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் யாருடையது நிற்கும் என்பதையும் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சந்தாக் கணக்கு எப்படி என்பதும் முக்கியம். லிஸ்டுக்கு இவ்வளவு என்றால் சமாளிக்கலாம், வரிசைக்கு இவ்வளவு என்றால் புகார் கூடக் கூட பில்லும் கூடும். முதல் ஆண்டுக்கு மாதச் சந்தாவே எடுங்கள், கொஞ்சம் அதிகமானாலும் பரவாயில்லை.