ஊழல் கறை படிந்த தலைவர் எப்படி மறுபடி நாடாளுமன்றத்துக்குள் வருகிறார்?

பெயர் கெட்டு ஒதுக்கப்பட்டவர் மறுபடி வாக்குக் கேட்டு வருவதைத்தான் அரசியல் மறுவரவு என்கிறோம். இத்தாலியின் முன்னாள் பிரதமர் சில்வியோ பெர்லுஸ்கோனி இதற்கு நல்ல உதாரணம்.

வரி மோசடி வழக்கில் 2013 ஆகஸ்டில் அவரது தண்டனை இறுதியானது. நவம்பரில் செனட் (நாடாளுமன்ற மேலவை) பதவி பறிபோனது. சிறைக்குப் பதில் சமூக சேவை: வாரம் ஒருமுறை மிலான் அருகே மறதிநோய் கண்ட முதியவர்கள் இல்லத்தில் வேலை. 2018 தேர்தலில் போட்டியிடத் தடை. ஆனாலும் பிரசாரத்துக்கு அவர்தான் முகம். கட்சிக்குக் கிடைத்தது 14 சதவீதம். கூட்டாளியான லீக் கட்சி முந்திவிட்டது. அந்த மே மாதம் நீதிமன்றம் தடையை நீக்கியது. 2022-ல் மோன்சா தொகுதியில் வென்று செனட்டுக்குத் திரும்பினார். அவரது குடும்ப நிறுவனம் வாங்கியிருந்த மோன்சா கால்பந்து அணி, சில மாதங்களுக்கு முன்புதான் முதல்முறையாக உயர்மட்ட லீக்கில் கால்வைத்திருந்தது. உள்ளூரில் இதெல்லாம் பேசும்!

காரணம் எளிது. வாக்காளர் ஒருவரை மட்டும் எடைபோடுவதில்லை, எதிரே நிற்பவரோடு ஒப்பிடுகிறார். ஒருமுறை கூடுதலாகப் பணம் பிடுங்கிய மெக்கானிக்கிடமே வண்டியை மறுபடி விடுகிறோமே, அதுபோல. கோபம் போகவில்லை, புது ஆள்மேல் நம்பிக்கை வரவில்லை. 'என்னைப் பழிவாங்குகிறார்கள்' என்று அவர் சொன்னதை நம்பிய விசுவாசிகளும், சொந்தத் தொலைக்காட்சிகளும் துணை நின்றன.

தேர்தலில் வென்றால் குற்றம் துடைக்கப்பட்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: நீதிமன்றம் திருப்பித் தந்தது போட்டியிடும் உரிமையை மட்டுமே, அவரை நிரபராதி என்று சொல்லவில்லை.