கொரியாவின் ஜிம்ஜில்பாங் எனும் பொதுக் குளியலகத்தில் எல்லோர் முன்னிலையிலும் ஆடையின்றித்தான் குளிக்க வேண்டுமா? முதன்முறை செல்பவர் அறிந்திருக்க வேண்டியவை யாவை?

ஆம், குளியல் பகுதியில் ஆடையின்றித்தான் குளிக்க வேண்டும். நீச்சலுடை அணிவதும் வழக்கமில்லை. ஆனால் அப்பகுதி ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உள்ளது. இருபாலரும் குடும்பத்துடன் அமரும் வெப்ப அறைகளும் பொதுக்கூடமும் வேறு. அங்கே நுழைவாயிலில் தரும் பனியனையும் அரைக்கால் சட்டையையும் அணிந்தே இருக்க வேண்டும். துண்டை ஆட்டுக்கொம்பு போலச் சுருட்டித் தலையில் கட்டிக்கொண்டு முட்டையை உரித்துத் தின்னும் தொலைக்காட்சித் தொடர்க் காட்சிகள் இந்தக் கூடத்தில் நடப்பவை. அவற்றை மட்டும் பார்த்துவிட்டுச் செல்பவர்களே குளியல் பகுதியின் வாசலில் திகைத்து நிற்கிறார்கள்.

என் அனுபவத்தில், உள்ளே யாரும் யாருடைய உடம்பையும் உற்றுப் பார்ப்பதில்லை. அவர்கள் கவனிப்பது, தொட்டியில் இறங்குவதற்கு முன் நீங்கள் தாழ்வான இருக்கையில் அமர்ந்து உடம்பைக் கழுவினீர்களா, நீண்ட கூந்தலை முடிந்துகொண்டீர்களா என்பதைத்தான். ஏனெனில் தொட்டி ஊறுவதற்கு உரியதே தவிர, அழுக்கைக் கழுவுவதற்கு உரியதன்று.

சுமார் 40 பாகை செல்சியஸ் வெந்நீரில் தோல் நன்கு ஊறிய பிறகு வரும் அழுக்குத் தேய்ப்புதான், என்னைக் கேட்டால், இக்குளியலின் உயிர்நாடி. தனிக்கட்டணம் செலுத்தி, ரெக்சின் விரித்த மேசையில் படுத்துக்கொண்டால், தேய்த்துவிடுபவர் ஒரு சட்டி வெந்நீரை ஊற்றிவிட்டு, 'இத்தாலித் துண்டு' எனப்படும் சொரசொரப்பான சிறு கையுறையால் தோள் முதல் உள்ளங்கால் வரை தேய்ப்பார். பெயரில் இத்தாலி இருந்தாலும் அது 1960களில் பூசான் நகரில் உருவான பொருள். இறந்த தோல் சாம்பல் நிறத் திரிகளாக உருண்டு விழும்போது கூச்சம் இருந்த இடம் தெரியாது. தோளில் ஒரு தட்டுத் தட்டினால் புரண்டு படுக்க வேண்டும் என்று பொருள். தேய்ப்புக்கு முன் சோப்பு போட்டிருந்தால் நன்றாக அலசிவிடுங்கள். வழுக்கலில் அழுக்கு திரளாது.

ஜிம்ஜில்பாங் 1990களில் பரவிய நகர்ப்புற அமைப்பே என்றாலும், அதன் மூலமான வெப்ப அறைச் சிகிச்சை கொரியாவை ஆண்ட சேஜோங் மன்னர் காலத்திலேயே இருந்தது. நோய் தீர அம்மன்னரே 1433இல் ஓன்யாங் வெந்நீரூற்றுக்குச் சென்றார். நோய் தீர்க்கும் என்ற பேச்சை நான் அப்படியே ஏற்பதில்லை. இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் சூளை போன்ற அறைகளைத் தவிர்ப்பதே நல்லது. மது அருந்திவிட்டு எவரும் நுழையக் கூடாது.

எல்லாக் குளியலகத்திலும் ஊற்றுநீர் இருப்பதாக எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலான ஜிம்ஜில்பாங்குகளில் சாதாரண நீரைத்தான் சூடாக்குகிறார்கள். நிலத்தடியிலிருந்து 25 பாகைக்குக் குறையாத வெப்பத்துடன் வரும் நீரையே கொரியச் சட்டம் வெந்நீரூற்று என ஏற்கிறது. அதை நாடுபவர்கள் ஓன்யாங், பூசானின் தோங்னே, தேஜோனின் யூசோங் ஆகிய இடங்களுக்குச் செல்லலாம். இவ்வளவு சொல்லியும் தயக்கம் தீரவில்லை என்றால் யூசோங்கிலிருந்தே தொடங்குங்கள்: அங்கே தெருவோரத்தில் கட்டணமின்றிக் கால் நனைக்கும் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது, காலுறையைக் கழற்றினால் போதும்.