"பார்த்துக்கோங்க, காலையில வர்றேன்" என்று டூட்டி டாக்டர் போனை வைத்துவிட்டால்

இரவு டூட்டியில் நோயாளியின் நிலை மாறுவதைப் பார்த்து போன் செய்தும் டாக்டர் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், சிஸ்டர். மறுபடி அழைத்து, என்ன வேண்டும் என்பதை முதல் வரியிலேயே சொல்லுங்கள்: "டாக்டர், 12ஆம் பெட் நோயாளியை இப்போதே நீங்கள் வந்து பார்க்கணும்." காரணம் அடுத்த வரியில்: "பிபி 84/50, ஒரு மணி நேரம் முன்பு 118/76. பல்ஸ் 124. இரண்டு மணி நேரத்தில் யூரின் 20 மில்லிதான்."

அவர் வராததற்கு, போனில் சொன்னதாக நீங்கள் எழுதியிருக்கும் "பேஷண்ட் கொஞ்சம் டல்லா இருக்கார்" என்ற வாக்கியம்தான் காரணமாக இருக்கும். தூக்கத்திலிருந்து எழுந்தவருக்கு அதில் அவசரம் கேட்காது. உங்கள் கண்ணில் பட்ட மாற்றம் உண்மையானது. அதை எண்ணாகக் கொடுங்கள்.

அழைக்கும் முன் கேஸ் ஷீட், மருந்து சார்ட், அலர்ஜி விவரம், கடைசி லேப் ரிப்போர்ட் கையில் இருக்கிறதா பாருங்கள்.

போனில் சொல்லும் ஆர்டரை எழுதி, திருப்பி வாசித்து, அவர் "சரி" என்ற பிறகே வையுங்கள். ஃபிஃப்டீனும் ஃபிஃப்டியும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன்று, ஐந்து" என்று தனித்தனி இலக்கமாகச் சொல்லுங்கள்.

அப்படியும் வரவில்லையா? அழைத்த நேரம், நீங்கள் சொன்னது, வந்த பதில் மூன்றையும் நர்சிங் குறிப்பில் எழுதிவிட்டு, இன்சார்ஜ் சிஸ்டர் மூலம் அடுத்த நிலை டாக்டரை அழையுங்கள். அது புகார் இல்லை, தயங்காதீர்கள்.

ஒன்று மட்டும்: மூச்சுத் திணறலோ நினைவு மங்குவதோ தெரிந்தால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். நேராக எமர்ஜென்சி டீமைக் கூப்பிடுங்கள்.