வாசகர் கேள்வி பதில்: அப்பா அம்மாவுடன் மாசி, பங்குனியில் மலைக்கு

பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடிவதற்குள் பெற்றோரை நீலகிரிக்கோ கொடைக்கானலுக்கோ அழைத்துப் போவது பற்றி வந்த கடிதங்களுக்கு எங்கள் பயணப் பகுதிக் குழுவினரின் பதில்கள். மருந்து பற்றி இங்கே சொல்வதெல்லாம் உங்கள் டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான்.

தஞ்சாவூர் வாசகி: அப்பாவுக்கு 74 வயது. ரத்த அழுத்தம் உண்டு, மூன்று வருடத்துக்கு முன் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு 69, முழங்கால் வலி. ஊட்டியா, கொடைக்கானலா? பிப்ரவரியா, மார்ச்சா?

தங்குவதற்கு இரண்டையும் விட்டுவிட்டு குன்னூரையோ கோத்தகிரியையோ பாருங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கொடைக்கானல் 2,100ஐத் தாண்டி. குன்னூர் 1,850 மீட்டர்தான். இந்த வித்தியாசம் ராத்திரி நேரத்தில்தான் தெரியும். பிப்ரவரியில் ஊட்டியில் விடியற்காலை ஏழெட்டு டிகிரிக்கு இறங்கும். மாதத் தொடக்கத்தில் சில நாட்கள் புல்வெளியில் உறைபனிகூட இருக்கும். குன்னூரில் அதைவிட மூன்று நான்கு டிகிரி கூடுதலாக இருக்கும். ரத்த அழுத்தக்காரர்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. குளிரில் ரத்தக் குழாய்கள் சுருங்கி அழுத்தம் ஏறும், அதுவும் போர்வையிலிருந்து எழுந்து நேரே குளியலறைக்குப் போகும் அந்த நேரத்தில்.

காற்றையும் யோசிக்க வேண்டும். ஊட்டி உயரத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு, தஞ்சாவூரில் கிடைப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்கு. உட்கார்ந்திருந்தால் தெரியாது, இருபது படி ஏறினால் தெரியும். இமயமலைப் பயணங்களில் சொல்லப்படும் மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் வரும் என்பதால் அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இதயம், நுரையீரல் பலவீனமானவர்களுக்கு அந்தக் கால் பங்குக் குறைவே சுமைதான். புறப்படும் முன் வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அப்பா இரண்டு மாடி நிற்காமல் ஏறட்டும். மூச்சு வாங்காமல், நெஞ்சு இறுக்கம் இல்லாமல் ஏறினால் நல்ல அறிகுறி. நடுவில் நின்றுவிட்டால் முதலில் இதய டாக்டரைப் பார்த்துவிட்டு அப்புறம் அறை பதிவு செய்யுங்கள். நம் வீட்டு அப்பாக்கள் 'எனக்கு ஒண்ணும் இல்ல' என்றுதான் சொல்வார்கள், ஆகவே கேட்காமல் பக்கத்தில் ஏறிப் பாருங்கள்.

தேதி என்றால் மார்ச் முதல் மூன்று வாரங்கள். உறைபனி ஓய்ந்திருக்கும், பகல் 20 டிகிரியை ஒட்டி இதமாக இருக்கும், மழை குறைவு, பள்ளித் தேர்வுக் காலமாதலால் கூட்டமும் குறைவு. சனி, ஞாயிறும் சிவராத்திரி விடுமுறையும் மட்டும் வேண்டாம். திங்கள் ஏறி வியாழன் இறங்குவது போலத் திட்டமிடுங்கள். ஊட்டியைப் பார்க்க ஒரு நாள் குன்னூரிலிருந்து போய் வரலாம், 18 கிலோமீட்டர்தான்.

திருநெல்வேலி வாசகர்: பெற்றோருக்கு மலை ரயிலில் போக வெகுநாள் ஆசை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை போகலாமா?

ஆசையை நிறைவேற்றுங்கள், ஆனால் முழுத் தூரம் வேண்டாம். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் ரயில் 46 கிலோமீட்டரை ஏற கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுக்கும். கல்லாறு முதல் குன்னூர் வரை பல்சக்கரத் தண்டவாளம். 12 அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் இன்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். 1899இல் குன்னூர் வரையும் 1908இல் ஊட்டி வரையும் ஓடத் தொடங்கிய இந்தப் பாதை 2005இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எல்லாம் அருமைதான், ஆனால் பெட்டியில் கழிப்பறை கிடையாது. எதிரெதிர் இருக்கைகளில் முழங்கால் முட்டும், காலை நீட்ட வழியில்லை. சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து, காலை ஆறு மணிக்கு மேல் மேட்டுப்பாளையத்தில் இறங்கி, அவசரமாக இதில் ஏறும் வழக்கமான திட்டம், 70 வயதுக்காரருக்குத் தூக்கம் கெட்ட இரவுக்கு மேல் இன்னொரு அலுப்பு.

குன்னூரில் தங்கி அங்கிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் போங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று நிலையங்கள் வரும். கேத்திப் பள்ளத்தாக்கு கண் நிறையத் தெரியும். திரும்ப காரை ஊட்டி நிலையத்துக்கு வரச்சொல்லுங்கள். ரயில் முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கும், இடங்கள் குறைவு என்பதால் திறந்த அன்றே பதிவு செய்துவிடுங்கள். ஊர் வரும் இரவு ரயிலுக்கு டிக்கெட் போடும்போது பெற்றோரின் வயதைச் சரியாகக் கொடுங்கள்: ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 ஆகியிருந்தால் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. பெற்றோருக்குத் தனி டிக்கெட்டாகப் போட்டால் அது கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.

சேலம் வாசகி: மலை ஏறினாலே அம்மாவுக்கு வாந்தி. அப்பாவுக்கு மணிக்கொரு தரம் சிறுநீர் கழிக்க வேண்டும். காரில் போகிறோம்.

அம்மாவை முன் இருக்கையில் உட்கார வையுங்கள். கண் தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும், கைபேசி கூடாது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு வளைவை உணர, கண் அசையாத இருக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தால் மூளை குழம்பும். குமட்டலின் காரணமே அதுதான். வெறும் வயிறும் ஆகாது, பொங்கல் வடையும் ஆகாது. அடிவாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் இரண்டு இட்லி போதும், காபியை மேலே போய்க் குடிக்கலாம். ஜன்னலை இரண்டு விரல் திறந்து வையுங்கள். காரில் வாசனை ஸ்பிரே, மல்லிகைச் சரம் இரண்டும் வேண்டாம்.

வாந்தி மாத்திரை ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன் போட வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. கடையில் சாதாரணமாகக் கொடுக்கும் பல மாத்திரைகள் நல்ல தூக்கம் தருபவை. வயதானவர்களுக்குத் தள்ளாட்டமும் குழப்பமும் வரலாம். புராஸ்டேட் வீக்கம் உள்ளவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், கண் அழுத்த நோய் உள்ளவருக்கும் ஆகாது. அம்மாவுக்கு வாங்கியதை அப்பாவுக்கும் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். டாக்டரிடம் கேட்டு, வீட்டில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.

அப்பா காலையில் நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், பயண நாளில் மட்டும் நேரத்தை மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அதற்காகத் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். குளிரில் தாகம் தெரியாது, நீர் மட்டும் பிரிந்துகொண்டே இருக்கும். மூன்றாம் நாள் வரும் தலைசுற்றலுக்கும் மலச்சிக்கலுக்கும் பாதிக் காரணம் இதுதான். மேட்டுப்பாளையத்தில் ஒரு முறை, பிறகு முக்கால் மணிக்கொரு முறை நிறுத்துங்கள்.

குன்னூர்ப் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். கோத்தகிரிப் பாதை சுமார் 33 கிலோமீட்டர், லாரி, பஸ் குறைவு. வாந்திக்காரர்களுக்கு எங்கள் ஓட்டு கோத்தகிரிக்கே. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஏறும் 36 வளைவுப் பாதை மிகவும் செங்குத்து, பெற்றோருடன் அந்தப் பக்கமே வேண்டாம். கொடைக்கானல் என்றால் வத்தலக்குண்டு வழி அகலமானது. பழனி வழி அழகு, ஆனால் குறுகல்.

சென்னை வாசகர்: அறை பதிவு செய்யும்போது என்னென்ன கேட்க வேண்டும்?

'பள்ளத்தாக்கு தெரியுமா' என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில், கார் நிற்கும் இடத்திலிருந்து கட்டில் வரை மொத்தம் எத்தனை படிகள் என்று கேளுங்கள். மலையில் 'தரைத்தளம்' என்ற சொல்லை நம்ப முடியாது. சரிவில் கட்டிய காட்டேஜில் தரைத்தள அறை சாலைக்கு முப்பது படி கீழே இருக்கும். வாசலிலிருந்து அறை வரை ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அனுப்பத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள். முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் கொடுமை. முழு எடையும் மடங்கிய மூட்டில் விழும். ஒற்றைக் கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில்.

அடுத்து குளியலறை. வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, உட்கார்ந்து குளிக்க ஸ்டூல். கீசர் தனியாக உண்டா, பொதுக் கொதிகலனிலிருந்து காலை ஏழு முதல் ஒன்பது வரை மட்டும் வெந்நீர் வருமா? அறைக்கும் குளியலறைக்கும் இடையில் அரையடி நிலைப்படி இருக்கிறதா? ராத்திரி இரண்டு மணிக்கு அரைத் தூக்கத்தில் போகும்போது தடுக்கி விழுவது அங்கேதான். ஒரு ரப்பர் மிதியடியும், சுவரில் செருகும் சிறிய இரவு விளக்கும், டார்ச்சும் பெட்டியில் வையுங்கள். கட்டில் முழங்கால் உயரத்துக்கு இருந்தால் நல்லது, மிகத் தாழ்ந்த மெத்தையிலிருந்து அம்மாவால் எழ முடியாது.

ஆளுக்கு இரண்டு கம்பளி கேளுங்கள். ஹீட்டர் மின்சாரத்தில் ஓடுவதாக இருக்க வேண்டும். அறைக்குள் கரி அடுப்போ, சமைத்து முடித்த பார்பிக்யூ அடுப்போ ஒரு நாளும் கூடாது. மூடிய அறையில் கரிப்புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் தூக்கத்திலேயே கொன்றுவிடும், மலையில் அப்படி உயிர்கள் போயிருக்கின்றன. வெந்நீர்ப் பை வைத்தால் துண்டில் சுற்றி வையுங்கள். சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்களுக்குச் சூடு தெரியாமல் கொப்புளித்துவிடும்.

சமையலறையுள்ள காட்டேஜ் எடுப்பவர்கள் குக்கர் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஊட்டியில் தண்ணீர் 93 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது.

மதுரை வாசகி: இன்சுலின், பி.பி. மாத்திரைகளை எப்படி எடுத்துப்போவது?

தேவையைப்போல் இரண்டு மடங்கு, இரண்டு பைகளில். ஒன்று கையோடு, மற்றது பெட்டியில். அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். அவசரத்தில் டாக்டருக்குப் பெயர் தெரிய வேண்டும். மருந்துச் சீட்டையும் கடைசி இ.சி.ஜி.யையும் படம் எடுத்து வீட்டில் இரண்டு பேர் கைபேசியிலாவது வையுங்கள். ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது.

பயன்பாட்டில் உள்ள இன்சுலினை மலையில் பிரிட்ஜில் வைக்கத் தேவையில்லை. கெடுவது அடிவாரத்தில்தான்: பூட்டிய காரில் வெயிலில் விட்டால் வீணாகும், ஐஸ் பையை ஒட்டி வைத்து உறைந்தாலும் வீண். துணியில் சுற்றிக் கைப்பையில் வையுங்கள். சர்க்கரை பார்க்கும் மீட்டர் விடியற்காலைக் குளிரில் பிழை காட்டும் அல்லது வேலை செய்யாது. சட்டைப்பையில் கால் மணி நேரம் வைத்துவிட்டு, விரலையும் வெந்நீரில் கழுவித் துடைத்த பிறகு பாருங்கள். மருந்துப் பையை பிளாஸ்டிக் கவரில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்க வேண்டாம். குரங்கு அதைத் தின்பண்டம் என்றே நினைக்கும்.

விருதுநகர் வாசகர்: படி ஏறாமல் பார்க்க என்ன இருக்கிறது? ஒரு நாளில் எத்தனை இடம் பார்க்கலாம்?

ஒரு நாளில் ஓரிடம். பத்தரைக்குக் கிளம்பி ஒன்றுக்குத் திரும்புங்கள். சாப்பாடு, தூக்கம், நாலரைக்குத் தேநீர், பக்கத்திலேயே ஒரு சின்ன நடை, ஆறு மணிக்குள் அறை. முதல் நாள் அதுவும் வேண்டாம், வந்து சேர்ந்த அன்று ஓய்வு மட்டும். 'ஏழு இடம், பத்து இடம்' என்று வேனில் ஏற்றிச் சுற்றும் திட்டங்களில் பாதி நேரம் வண்டியில் ஏறி இறங்குவதிலேயே போகும்.

கொடைக்கானலில் ஏரியைச் சுற்றியுள்ள 5 கிலோமீட்டர் சாலை சமதளம்; வேண்டிய தூரம் நடந்து திரும்பலாம். கோக்கர்ஸ் வாக் சுமார் ஒரு கிலோமீட்டர் நடைபாதை, மதியம் மூடுபனி ஏறும் முன் காலையில் போங்கள். தூண் பாறை சாலையோரமே தெரியும். குணா குகை வேண்டாம். டால்பின் நோஸ் என்ற பெயரில் இரண்டு இடங்கள் உண்டு: குன்னூரில் உள்ளதற்கு அருகே வரை கார் போகும், கொடைக்கானலில் உள்ளது வேர்களும் பாறைகளுமாகச் சரிவில் இறங்கும் நடைப்பாதை. பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்.

ஊட்டி தாவரவியல் பூங்காவில் கீழ்ப்பகுதிப் புல்வெளிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ரோஜாப் பூங்கா அடுக்கடுக்காக ஏறும். குன்னூர் சிம்ஸ் பூங்காவில் போகும்போது இறக்கம் சுகமாக இருக்கும், திரும்பும் ஏற்றத்தை நினைத்துப் பாதியிலேயே உட்காருங்கள். தொட்டபெட்டா 2,637 மீட்டர், காற்று ஊசியாகக் குத்தும். மூச்சுப் பிரச்சினை உள்ளவர்கள் தவிர்க்கலாம். வெயில் இதமாகத் தெரிந்தாலும் தோலைச் சுடும். காதை மூடும் குல்லா மாலைக்கு, விளிம்பு வைத்த தொப்பி பகலுக்கு.

ஈரோடு வாசகி: இ-பாஸ் இன்னும் வேண்டுமா?

வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு மலைகளுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் உண்டு. அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. 2025 கோடையில் ஏப்ரல் முதல் வண்டிகளின் எண்ணிக்கைக்கே வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000. மார்ச்சுக்குள் போய் வரச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைச் சோதனைச் சாவடியில் எடுத்துக்கொள்வார்கள். ஸ்டீல் பிளாஸ்க்கில் வெந்நீராகவே கொண்டுபோங்கள்.

கரூர் வாசகர்: ராத்திரியில் நெஞ்சு வலி என்றால் உடனே கோவைக்கு இறங்கிவிடலாமா?

வேண்டாம். ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டர், இருட்டில், பனியில், பதற்றத்தோடு நீங்களே ஓட்டக் கூடாது. 108ஐ அழையுங்கள். ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும், கொடைக்கானலில் அரசு மருத்துவமனையும் உள்ளன. முதலுதவியும் இ.சி.ஜி.யும் அங்கே ஆன பிறகு, கீழே அனுப்புவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். நெஞ்சு இறுக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, பேச்சுக் குழறுவது, ஒரு பக்கம் கை கால் தளர்வது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். தங்குமிடத்தின் முழு முகவரியையும் அருகிலுள்ள அடையாளத்தையும் வந்த அன்றே ஒரு தாளில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டிவையுங்கள், காட்டேஜுக்கு வழி சொல்லத் தெரியாமல்தான் ஆம்புலன்ஸ் தாமதமாகும்.