குண்டலினிப் பயிற்சியால் தூக்கம் கெட்டால் தொடரலாமா?

29 வயது வாசகி ஒருவர் எழுதியிருப்பதன் சுருக்கம்: நான்கு மாதங்களாகக் காணொளிகளைப் பார்த்துக் காலையும் மாலையும் பஸ்திரிகா என்னும் வேகமூச்சுப் பயிற்சி செய்கிறார், பிறகு புருவ மத்தியில் மனத்தை நிறுத்தி ஒரு மணி நேரம் அமர்கிறார். மூன்று வாரங்களாக உச்சந்தலை சுடுகிறது, படுத்தால் உடல் தூக்கிப் போடுகிறது, இரவு இரண்டு மணிக்கு வரும் விழிப்புக்குப் பிறகு உறக்கம் இல்லை. உடன் பயில்பவர்களோ, முதுகுத்தண்டின் அடியில் உறங்குவதாக யோக மரபு சொல்லும் குண்டலினி சக்தி மேலேறும்போது இப்படித்தான் இருக்கும், இடையில் நிறுத்துவதுதான் ஆபத்து என்கிறார்களாம்.

பயிற்சியை இன்றே நிறுத்திவிடுங்கள். தியானத்தை நிறுத்தியதால் உடல் கெட்டது என்பதற்கு மருத்துவத்தில் எந்த ஆதாரமும் இல்லை. தூக்கமின்றித் தீவிரப் பயிற்சியைத் தொடர்ந்து மனநிலை குலைந்தவர்களை மனநல மருத்துவம் நன்கு அறியும்.

அமர்ந்திருக்கும்போது தோன்றும் உணர்வுகளைக் கண்டு மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. பஸ்திரிகாவில் மூச்சை வேகமாக வெளியேற்றும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்கள் சுருங்கித் தலை கிறுகிறுக்கிறது. இரத்தத்தில் தனித்து இயங்கும் கால்சியத்தின் அளவு இறங்குவதால் உதட்டைச் சுற்றி மரத்துப்போய், விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி உள்நோக்கி மடங்கவும் செய்யும். மூச்சு சீரானதும் சில நிமிடங்களில் இவை அடங்கிவிடும். எழுந்து வீட்டு வேலையைப் பார்க்கப் போன பிறகும் விடாமல், நாட்கணக்கில், நீங்கள் விரும்பாத நேரத்திலும் தொடர்வது வேறு வகை. உங்களுடையது அந்த வகை என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நான் முதலில் கேட்பது தூக்கத்தைப் பற்றித்தான். தூங்க முடியாமல் மறுநாள் சோர்ந்து போகிறீர்களா, அல்லது மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இன்றி, பேச்சும் திட்டங்களும் பெருகி, எல்லாம் கைகூடும் என்ற உற்சாகத்தில் இருக்கிறீர்களா? முதலாவது தொல்லை, இரண்டாவது மேனியா என்னும் மன எழுச்சி நோயின் தொடக்கமாக இருக்கலாம். அந்த நிலையில் இருப்பவருக்குத் தான் நோயுற்றிருப்பது தெரியாது, ஞானம் சித்தித்ததாகவே தோன்றும். ஆகவே உங்கள் மதிப்பீட்டை மட்டும் நம்பாமல், உங்களோடு ஒரே வீட்டில் இருப்பவரிடம் ‘நான் மாறியிருக்கிறேனா’ என்று கேளுங்கள்.

இந்த ஆபத்தை மரபு அறியாமல் இல்லை. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலையில் நெற்றியில் அழுத்தம் கூடினால் மனத்தை முதுகுத்தண்டின் அடியான மூலாதாரத்துக்கு இறக்கும் சாந்தி தவத்தையும் சேர்த்தே கற்பிக்கிறார்கள். ஏற்றத்தை மட்டும் காட்டிவிட்டு இறக்கத்தைச் சொல்லாத காணொளிகள் பாதிப் பாடத்தையே தருகின்றன. சீனாவில் சி குங் என்னும் மூச்சு, தியானப் பயிற்சி 1980களில் பெருகியபோது அதனால் மனநிலை பிறழ்ந்தவர்கள் மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். 1994இல் வெளிவந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் பின்னிணைப்பிலும் அந்நிலை இடம்பெற்றது. ஜம்முவில் 1937 டிசம்பரில் குண்டலினி எழுந்ததாகக் கூறிய கோபி கிருஷ்ணா, உடல் எரிச்சலாலும் உறக்கமின்மையாலும் உணவு செல்லாமல் சாவின் விளிம்புவரை போனதாகவே பதிவு செய்திருக்கிறார். அதைப் படித்து, துன்பம் ஒரு படிநிலை என்று தேற்றிக்கொள்வது தவறு.

நிறுத்திய பிறகு மூச்சுப் பயிற்சி, மந்திர ஜபம், சக்கரங்களை நினைப்பது எதுவும் வேண்டாம். சாந்தி தவத்தைக்கூட நேரில் ஆசிரியர் இல்லாமல் முயல வேண்டாம், ஏனெனில் இப்போது உடலுக்குள் கவனம் செலுத்துவதே தூண்டுதலாகிவிடும். மூன்று வேளையும் வயிறார உண்ணுங்கள், விரதம் கூடாது. நண்பகலுக்குப் பின் காபி, தேநீரைத் தவிருங்கள். மாலையில் வியர்க்க நடங்கள். தைராய்டு மிகைச்சுரப்பிலும் உடல் சூடு, படபடப்பு, தூக்கமின்மை வரும் என்பதால் தைராய்டின் நிலையைக் காட்டும் டிஎஸ்எச் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். தூங்கத் தொடங்கும் நேரத்தில் உடல் ஓரிரு முறை துள்ளுவது பலருக்கும் இயல்பு. துள்ளலின்போது நினைவு தப்பினால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நிறுத்தி ஒரு வாரமாகியும் தூக்கம் திரும்பாவிட்டால் மனநல மருத்துவரிடம் செல்லுங்கள். தினமும் எவ்வளவு நேரம், எந்தப் பயிற்சி என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். காதில் குரல் கேட்டாலோ, தொலைக்காட்சியில் பேசுபவர் உங்களுக்கே சேதி சொல்வதாகப் பட்டாலோ, உயிரை விடும் எண்ணம் வந்தாலோ ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெலி மானஸ் 14416 என்ற அரசு உதவி எண்ணில் தமிழிலேயே, எந்நேரமும், கட்டணமின்றிப் பேசலாம்.

மீண்டும் தொடங்குவதை, தொடர்ந்து சில வாரங்கள் நன்றாகத் தூங்கிய பிறகு யோசிக்கலாம். அப்போதும் நேரில் கவனிக்கும் ஆசிரியரிடம், வேகமூச்சு இல்லாமல், பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். உங்களுக்கோ பெற்றோர், உடன்பிறந்தோருக்கோ மன எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயோ மனச்சிதைவோ இருந்திருந்தால், மருத்துவரைக் கேட்காமல் இவ்வகைப் பயிற்சிக்குத் திரும்ப வேண்டாம். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் தியானத்தை நம்பி அதை நிறுத்தவும் கூடாது.