சளியும் சாந்தமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். ஆங்கில நாவல் ஒன்றில் ஒரு பாத்திரத்தை ‘ஃப்ளெக்மாட்டிக்’ என்று வர்ணித்திருந்தார்கள். அகராதியில் பார்த்தால் ‘எளிதில் பதறாதவர், அமைதியானவர்’ என்று இருக்கிறது. ஆனால் அதன் மூலமான ‘ஃப்ளெம்’ என்ற சொல்லுக்குச் சளி என்று பொருள். சளிக்கும் அமைதிக்கும் என்ன சம்பந்தம்? நம் ‘கபம்’தான் கிரேக்கத்துக்குப் போய் ஃப்ளெம் ஆனது, இருமலுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ‘காஃப்’கூடக் கபத்திலிருந்து வந்ததுதான் என்று வாட்ஸப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது உண்மையா?

ஓசூர் வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வாட்ஸப் செய்தியை முதலில் பார்த்துவிடலாம். ‘காஃப்’ என்பது இருமும் ஓசையை ஒட்டி ஜெர்மானிய மொழிகளில் பிறந்த சொல். கபத்தோடு அதற்கு உறவில்லை, ஃப்ளெம்முக்கும் இல்லை. உண்மையில் ஒரு பயணம் நடந்தது, ஆனால் எதிர்த்திசையில். ஃப்ளெம்முக்கு மூலமான ‘ஃப்ளெக்மா’ என்ற கிரேக்கச் சொல் அரபியில் ‘பல்கம்’ ஆகி, பாரசீகம், உருது வழியாக இங்கே வந்தது. யூனானி மருத்துவர்கள் இன்றும் பல்கம் என்றுதான் சொல்கிறார்கள். யூனானி என்றாலே ‘கிரேக்கத்தைச் சேர்ந்தது’ என்றுதான் பொருள். நம் சங்கப் பாடல்களில் வரும் யவனர் என்ற பெயருக்கும் அதே வேர்தான்.

சரி, கிரேக்கத்துக்குப் போவோம். அங்கே ‘ஃப்ளெக்மா’ பிறந்தது எரிதலைக் குறிக்கும் வினையிலிருந்து. ஹோமரின் இலியட்டில் அதற்குத் தீ என்றே பொருள். ட்ரோஜன்களைப் பொசுக்க வரும் தீயை அந்தச் சொல்லால் சொல்கிறார். மருத்துவர்கள் கைக்கு வந்தபோது அது உடம்பில் எரிந்து வீங்கும் அழற்சியைக் குறித்தது, அப்புறம் அந்த அழற்சியில் சுரக்கும் பிசுபிசுப்பான நீரைக் குறித்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் கிரேக்க அறிஞர் ப்ரோடிகஸ் சொற்களைத் துல்லியமாகப் பயன்படுத்துவதில் பிடிவாதம் உள்ளவர். எரிந்ததைத்தான் ஃப்ளெக்மா என்று சொல்ல வேண்டும், மூக்கில் ஒழுகுவதற்கு ‘ப்ளென்னா’ என்ற பெயர் இருக்கிறதே என்பது அவர் கட்சி. அது எடுபடவில்லை. எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

பழங்கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்ரட்டீஸ் மரபில் வந்த ‘மனிதனின் இயல்பு’ என்ற நூல் ரத்தம், கபம் (அதாவது ஃப்ளெக்மா), மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என நான்கு நீர்களைச் சொல்கிறது. அதில் கபம் குளிர்ச்சியானது. அதற்கு அந்த நூல் காட்டும் சான்றுகளைப் பாருங்கள்: கபம், பித்தம், ரத்தம் மூன்றையும் தொட்டுப் பார்த்தால் கபம்தான் அதிகம் சில்லென்று இருக்கும், குளிர்காலத்தில்தான் மக்கள் அதிகமாகத் துப்புகிறார்கள், மூக்குச் சிந்துகிறார்கள். இப்படித்தான் தீயின் பெயர் உடம்பிலேயே மிகக் குளிர்ந்த பொருளுக்கு நிலைத்துப்போனது.

இந்தக் கபம் தலையிலிருந்து இறங்குகிறது என்றும் நம்பினார்கள். நம் வீடுகளில் ‘தலையில நீர் கோத்துக்கிச்சு’ என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி. நாம் பள்ளியில் படித்த பிட்யூட்டரி சுரப்பியின் பெயரே லத்தீனில் கபத்தைக் குறிக்கும் ‘பிட்யூட்டா’விலிருந்து வந்ததுதான். மூளையின் கசடு அந்தச் சுரப்பி வழியாக மூக்குக்கு வடிகிறது என்று நினைத்து வைத்த பெயர் அது. 1660-களில் ஷ்னைடர் என்ற ஜெர்மானிய மருத்துவர்தான் சளி மூளையிலிருந்து வரவில்லை, மூக்கின் உட்சவ்வில் சுரக்கிறது என்று நிறுவினார்.

இனி உங்கள் கேள்வி. குளிர்ச்சியும் ஈரமும் மிகுந்த உடம்புக்காரர் மெதுவாக அசைவார், நிறையத் தூங்குவார், சட்டென்று கோபப்பட மாட்டார் என்பது கணக்கு. இது பின்னால் சேர்ந்த கணக்கு. நான்கு நீர்க் கொள்கையைப் பெரிதாக வளர்த்த கேலன் என்ற கிரேக்க மருத்துவரே, குணத்தை உருவாக்குவதில் கபத்துக்குப் பங்கில்லை என்றுதான் எழுதினார். பின்வந்த ஐரோப்பியர்கள் அதற்கு மந்தம், சோம்பல், அக்கறையின்மை ஆகியவற்றை ஏற்றிவைத்தார்கள். 1798-இல் ஜெர்மானியத் தத்துவஞானி கான்ட் இதில் ஒரு கோடு போட்டார். எதிலும் ஈடுபாடில்லாமல் கிடப்பது கபத்தின் பலவீனம். சட்டென்று அசையாமல், அசைந்தால் விடாமல் நிற்பது அதன் பலம். இன்றைய ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தமும் உயிரோடிருக்கின்றன.

நம் ஆயுர்வேத ஆசான் சரகர் இவ்வளவு தயங்கவில்லை. கப உடம்புக்காரர்களுக்கு அவர் தரும் பட்டியல்: பலம், செல்வம், கல்வி, ஓஜஸ் என்னும் உயிர்ச்சத்து, சாந்தம், நீண்ட ஆயுள். அமைதியை மந்தம் என்று சந்தேகிக்காமல் வரமாக எண்ணிய அந்தப் பார்வை எனக்கு மிகவும் பிடிக்கும். சிலேத்துமம் என்று சித்த வைத்தியர்கள் சொல்வதும் இந்தக் கபத்தைத்தான். ஒட்டிக்கொள்ளுதல் என்ற பொருளுள்ள வடமொழி வேரிலிருந்து வந்த சொல் அது. ஒரே சொல்லில் இரு பொருள் ஒட்டி நிற்கும் சிலேடைக்கும் அதே வேர்தான். நீங்கள் ஓசூர் என்பதால் இன்னொன்று: நம் ‘சளி’க்கு இனமான சொற்கள் கன்னடத்திலும் தெலுங்கிலும் குளிரைக் குறிப்பவை. பக்கத்து வீட்டில் ‘சளி’ என்றோ ‘சலி’ என்றோ சொன்னால் மூக்கைப் பார்க்காதீர்கள், கம்பளியை எடுத்துக் கொடுங்கள்.

அந்த நாவல் பாத்திரத்தைப் பற்றி: அந்தச் சொல் யார் வாயில் வருகிறது என்று பாருங்கள். அவசரக்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டு சொன்னால் ‘மந்தமானவர்’, நெருக்கடியில் அவரை நம்பி இருப்பவர் சொன்னால் ‘நிதானமானவர்’ என்று வாசியுங்கள்.

அன்புடன்.