பாங்காக்கில் முந்திரிக்கொத்து (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நாகர்கோவில்காரன். ஜூலையில் வேலை மாறி மனைவி, ஆறு வயது மகளோடு பாங்காக் வந்தேன். நீங்கள் இங்கே இருந்ததைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்ததால் கேட்கிறேன். டிசம்பர் 25 இங்கே விடுமுறை இல்லை. அன்று காலை பத்து மணிக்கு எனக்கு மீட்டிங் இருக்கிறது. ஊரில் டிசம்பர் பிறந்தாலே வீட்டு முகப்பில் ஸ்டார் ஏறிவிடும், ராத்திரி கேரல் ரவுண்ட்ஸ் வரும், அம்மா முந்திரிக்கொத்து சுடுவாள். இங்கே மால் வாசலில் நாலு மாடி உயரத்துக்கு மரம் நிற்கிறது, பாட்டு ஓடுகிறது. ஆனால் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுப்பவர்களுக்கு இயேசு யாரென்றே தெரியாது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருக்கிறது. பௌத்த நாட்டுக்கு எதற்கு இந்த வேஷம்? என் மகளோ பள்ளியில் மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து புத்தர் சிலை முன்னால் கைகூப்புகிறாள். அம்மா ஃபோனில் “அங்க என்ன மக்களே கிறிஸ்மஸ்” என்று அழுகிறாள். பேசாமல் இந்த வருடம் பண்டிகையே வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

விட்டுவிட வேண்டாம். முதல் வேலையாக இன்றைக்கே லீவு கேளுங்கள். மீட்டிங்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அனுபவத்தில் சொல்கிறேன். பாங்காக்கில் என் முதல் தீபாவளிக்கு நான் லீவு கேட்கவில்லை. கூச்சம். விடியற்காலை நாலரைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச்சட்டை போட்டுக்கொண்டு ரயில் ஏறி ஆபீஸ் போய் உட்கார்ந்தேன். தலையில் நல்லெண்ணெய் வாசனை போகவில்லை. பக்கத்து மேஜைப் பெண் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். மறுநாள் விஷயம் தெரிந்தபோது என் மேலதிகாரி, தாய்லாந்துக்காரர், முகம் வாடிப்போனார். “உன் புத்தாண்டா? ஏன் சொல்லவில்லை?” புத்தாண்டு இல்லை என்று விளக்க முயன்று தோற்றேன். அடுத்த வருடம் லீவு கிடைத்தது. மறுநாள் நான் கொண்டுபோன முறுக்கு பத்து நிமிடத்தில் காலியானது. அங்கே உள்ளவர்களுக்குப் பண்டிகை என்றால் பண்டிகைதான். அது யாருடையது என்பதெல்லாம் அப்புறம்.

இங்கிருந்துதான் உங்கள் எரிச்சலுக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. மால் மரம் வியாபாரம்தான், இல்லையென்று சொல்லவில்லை. தி.நகர் தீபாவளி மட்டும் வேறு என்னவாம்? ஆனால் “இயேசு யாரென்றே தெரியாது” என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே பெரிய ஊஞ்சல் இருக்கிறது, வாட் சுதாட் கோயிலுக்கு எதிரே. சுமார் 21 மீட்டர் உயரத்தில் இரண்டு சிவப்புத் தேக்குத் தூண்கள். இன்னும் பார்க்கவில்லையென்றால் ஒரு ஞாயிறு போய்விட்டு வாருங்கள். முதலாம் ராமா மன்னர் 1784-ல் அமைத்தது. அதன் பக்கத்திலேயே தேவஸ்தான் என்கிற பிராமணர் கோயில். முன்பு ஊஞ்சலில் ஆட்கள் எழும்பி ஆடி, கம்பத்தில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம். அது 1935-ல் நின்றுபோனது. கோயிலுக்குள் நடக்கும் சடங்கு மட்டும் நிற்கவில்லை. அதன் பெயர் திரியம்பவாய், திரிபவாய். சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! நம் மார்கழியை ஒட்டி, பத்து நாள் சிவன் பூமிக்கு இறங்கி வருகிறார், அடுத்த ஐந்து நாள் நாராயணன் வருகிறார் என்பது நம்பிக்கை. தமிழிலிருந்து போன பாட்டு அங்கே அரசவைப் பிராமணர்களால் ஓதப்படுகிறது.

ஒரு ஜனவரி மாலை போய்க் கேட்டேன். சிறுவயதில் திருவில்லிபுத்தூரில் ஒலிபெருக்கி என்னை எழுப்பிய பாடல்கள், பாதித் தூக்கத்தில்கூட வரி மாறாமல் சொல்வேன். அங்கே ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. எங்கேயோ ஓரிடத்தில் “பாவாய்” போல ஒன்று காதில் விழுந்தது, அதுவும் என் ஆசையாக இருக்கலாம். ஓதுபவர்களுக்கும் பொருள் தெரியாது. நூற்றாண்டுகளாகக் காது வழியாகவும் ஏடு வழியாகவும் வந்த ஓசை அது. வெளியே வந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அந்த வாரமே பத்து நண்பர்களுக்கு மின்னஞ்சல் போட்டேன்.

இப்போது யோசியுங்கள். பொருள் தெரியாமல் அவர்கள் திருவெம்பாவை ஓதினால் நமக்குப் புல்லரிக்கிறது. பொருள் தெரியாமல் கிறிஸ்துமஸ் மரம் வைத்தால் வேஷம் என்கிறோம். கோயில் வேறு, மால் வேறு என்பீர்கள். சரி, வேறுதான். ஆனாலும் அந்த ஊரின் கை ஒரே கைதான். வந்ததை வாங்கி வைத்துக்கொள்ளும் கை. அயுத்தயாவில் யானைகளுக்குச் சாண்டா உடை மாட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்க வைக்கிறார்கள். உங்கள் மகளைக் கூட்டிப்போனால் அவளுக்கு அதில் எந்த இறையியல் சிக்கலும் இருக்காது.

சரியாகச் சொன்னால் அவர்கள் கொண்டாடுவது கிறிஸ்துமஸையே இல்லை. மரமும் விளக்கும் புத்தாண்டுக்கானவை. அதுவும் வாங்கி வைத்துக்கொண்டதுதான். அரசாங்கப் புத்தாண்டு முன்பு ஏப்ரல் 1-ல் இருந்தது. 1941-லிருந்து ஜனவரி 1 என்று மாற்றினார்கள். அதனால் 1940-ஆம் ஆண்டு அவர்கள் கணக்கில் ஒன்பதே மாதம். அவர்களுடைய சொந்தப் புத்தாண்டு ஏப்ரல் நடுவில் வரும் சொங்க்ரான். நம் சித்திரை முதல் நாளை ஒட்டியே வரும், பெயரும் ‘சங்கராந்தி’தான். இருந்தாலும் டிசம்பர் கடைசியில் பாங்காக் காலியாகிவிடுவதைப் பார்ப்பீர்கள். எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்கு முன்னால் சூப்பர் மார்க்கெட்டுகளில் செலஃபேன் தாள் சுற்றிய பரிசுக்கூடைகள் குவிந்திருக்கும். ‘கிரசாவ்’ என்பார்கள். உங்கள் வீட்டு ஓனர், குடியிருப்பின் காவலாளி, மகளின் ஆசிரியை எல்லோருக்கும் ஒன்று கொடுங்கள். நான் முதல் இரண்டு வருடம் கொடுக்காமல் விட்டதற்கு இப்போதும் வெட்கப்படுகிறேன்.

31-ஆம் தேதி இரவு கோயில்களில் ‘சுவட் மொன் காம் பீ’ நடக்கும். வருடத்தைத் தாண்டும் ஓதல் என்று அர்த்தம். வெள்ளை உடையில் ஆயிரக்கணக்கானவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள், தலைக்கு மேலே வெள்ளை நூல் ஓடும், பன்னிரண்டு மணியைத் துறவிகளோடு ஓதியபடியே கடப்பார்கள். நாகர்கோவிலில் அதே நேரத்தில் உங்கள் அம்மா எங்கே உட்கார்ந்திருப்பார்? வருடக் கடைசி இரவு ஆராதனையில்தானே?

அடுத்து, உங்கள் ஆராதனை. சீலோம் பக்கம் கான்வென்ட் சாலையில் கிறைஸ்ட் சர்ச் இருக்கிறது, ஆங்கிலிக்கன், நூறாண்டு தாண்டிய கட்டடம். சிஎஸ்ஐ குடும்பம் என்றால் வழிபாட்டு முறை அந்நியமாகத் தெரியாது. கத்தோலிக்கர் என்றால் ருவாம் ருடி சந்தில் ஹோலி ரிடீமர் ஆலயம். வெளியிலிருந்து பார்த்தால் தாய் பௌத்தக் கோயில் என்றே நினைப்பீர்கள், கூரை அப்படி. இரண்டிலும் ஆங்கிலத்தில் ஆராதனை உண்டு.

ஸ்டாருக்கு மட்டும் நீங்கள் தூரம் போக வேண்டும். வடகிழக்கில் சகோன் நகோன் மாகாணத்தில் தா ரே என்று ஒரு ஏரிக்கரை ஊர். வியட்நாமிலிருந்து வந்த கத்தோலிக்கர்களின் வழியில் வந்தவர்கள் அதிகம். கிறிஸ்துமஸ் சமயத்தில் பெரிய பெரிய நட்சத்திரங்களை ஜோடித்து ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். வீட்டு வாசலெல்லாம் மூங்கிலும் காகிதமும் வைத்துக் கட்டிய ஸ்டார். ஒரு வருடம் போனேன். தெருவில் நின்றபோது நம் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் நிற்கிறேனா என்று ஒரு கணம் குழம்பினேன், தென்னைமரம் வேறு இருந்தது. நூற்றுக்கு ஒருவர் அளவுக்குத்தான் அந்த நாட்டில் கிறிஸ்தவர்கள். அந்த ஒருவர் எப்படிக் கொண்டாடுகிறார் என்பதை உங்கள் மகள் பார்க்கட்டும்.

மகள் கைகூப்புவது பற்றி: அந்த ஊரில் ஆசிரியருக்கும் கைகூப்ப வேண்டும், பாட்டிக்கும் கைகூப்ப வேண்டும், மற்ற பெரியவர்களுக்கும் கைகூப்ப வேண்டும். ஆறு வயதுப் பிள்ளைக்கு அதில் எது மரியாதை, எது வழிபாடு என்று பிரிக்கத் தெரியாது. நீங்கள் பிரித்துச் சொல்ல விரும்பினால் போதகரிடம் பேசுங்கள். எனக்கு அதில் கருத்துச் சொல்ல உரிமையில்லை.

கடைசியாக அம்மா. முந்திரிக்கொத்துக்கு வேண்டியது எல்லாம் பாங்காக்கில் கிடைக்கும், இதுதான் உங்களுக்கு நல்ல செய்தி. பாசிப்பயறு, தேங்காய், எள், பச்சரிசி மாவு எல்லாம் க்ளோங் தோய் சந்தையில் இருக்கிறது. கருப்பட்டிக்குப் பதில் பெட்சபுரி மாகாணத்துப் பனஞ்சர்க்கரை. அங்கேயும் பனை ஏறுகிறார்கள், பதநீர் காய்ச்சுகிறார்கள். சர்க்கரைக்கு தாய் மொழியில் சொல்லே ‘நாம் தான்’, அதாவது பனைநீர். (கடையில் அந்தச் சொல்லைக் கேட்கும்போதெல்லாம் “ஆமாம், நாம்தான்” என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன்.) ‘தனோட்’ என்று சேர்த்துக் கேளுங்கள். வெள்ளைச் சர்க்கரை கலந்ததும் விற்கிறது, பார்த்து வாங்க வேண்டும். அச்சு முறுக்கைச் சுடவே வேண்டாம். ‘கனோம் டோக் ஜோக்’ என்ற பெயரில் அதே பூ வடிவத்தில், அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் முட்டையும் எள்ளும் சேர்த்து அச்சில் முக்கிப் பொரித்தது பொட்டலம் பொட்டலமாகக் கிடைக்கும்.

ஆனால் ஒன்று. அந்தப் பனஞ்சர்க்கரை நம் கருப்பட்டியைவிட இளகல். பாகு எப்போது பதம் வருகிறது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இரண்டு வருடம் முயன்றேன். இரண்டு முறையும் உருண்டை எண்ணெய்க்குள் போனதும் உடைந்து கரைந்தது. 24-ஆம் தேதி ராத்திரி வீடியோ காலில் அம்மாவை அடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் பதத்தை எனக்கும் எழுதி அனுப்புங்கள்.